நைரா பள்ளத்தாக்கின் இரண்டு கதவுகள்

பிரசூரா மேய்ச்சல்
8 ஜூலை 1997

ஃபாத்ரிக்கு,

ஏப்ரல் கூட்டத்தில் ஊர் மொத்தமும் உட்கார்ந்திருக்கும்போது என்னை ‘மாட்டுக்காரி’ என்று சொன்ன வாய்க்கு இனி முகம் கொடுப்பதில்லை என்றுதான் இருந்தேன். இப்போதும் பேசவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான். மலைக்கும் ஊருக்கும் நடுவே கம்பியில் ஓடி, செவ்வாயும் வெள்ளியும் சாமான் ஏற்றி இறக்கும் தொட்டியில் இது கீழே வரும். உன் அத்தான் எடுத்து உன்னிடம் கொடுப்பார். பிரித்துப் பார்க்கமாட்டார். மேய்ச்சலுக்கு நான் கிளம்பிய அன்றே சொல்லிவிட்டார்: “உனக்கும் உன் தம்பிக்கும் நடுவுல நான் வெறும் தபால்காரன். எழுதிக் குடு, கொண்டுபோறேன். வாயால எதுவும் சொல்லியனுப்பாத. ஒண்ணு ரெண்டாகி என் தலைதான் உருளும்.” இருபத்தாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவருக்கு அந்த அறிவாவது வராமல் இருக்குமா!

விஷயத்துக்கு வருகிறேன். நைரா பள்ளத்தாக்கில் நீ சைக்கிள் பாதை போட்டிருக்கிறாய். பாறைக்குப் பாறை மஞ்சள் பெயின்ட் அடித்து, மஞ்சள் பலகை நட்டு, கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. அதற்கு நேர் மேலே கொம்புப் பாறையில் விரிசல் விட்டிருக்கிறது. ஜூன் இருபதாம் தேதி ஏறிப் பார்த்தேன். என் முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி அடித்து, மாடு கட்டும் சங்கிலி ஒன்றைத் தொங்கவிட்டேன். அன்றைக்கு நன்றாகத் தொய்ந்து தொங்கியது. தொய்வில் ஒன்பது கண்ணி மிச்சம், விரிசல் அகல அகல அது குறையும். நேற்று போனேன். ஆறு.

கீழே ஊற்றுத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வருகிறது. பசுக்கள் அங்கே மேய்கின்றன, ஆனால் படுப்பதில்லை. கன்றுகளையும் படுக்க விடுவதில்லை.

முதலில் நீ பாதையை என் மேய்ச்சல் வழியாகத்தான் போட்டாய். ‘கன்று போட்ட பசுக்களுக்கு நடுவே சைக்கிள் விடாதே’ என்று கூட்டத்தில் கத்தி, அதை நைராவுக்குத் தள்ளிவிட்டவள் நான். அந்த உறுத்தலில்தான் எழுதுகிறேன். பாதையை அங்கிருந்து எடுத்துவிடு.

மெங்கியா


வால்தோரா
11 ஜூலை 1997

அக்காவுக்கு,

மூன்று மாதம் கழித்து வந்த கடிதம். அத்தான் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, குண்டு வைத்தவர் மாதிரி வேகமாக நடையைக் கட்டினார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

மாட்டுக்காரி என்று சொன்னது தப்பு. மன்னித்துக்கொள். ஆனால் நீ என்னை ‘பட்டணத்துக்காரனுக்குப் பிறந்தவன்’ என்றாயே, அது அம்மாவை அல்லவா சொன்னது? அதை யோசித்துப் பார்த்தாயா? ஊரே சிரித்தது.

இந்தப் பாதைக்காக நான் பதினான்கு மாதம் நடையாய் நடந்திருக்கிறேன். நம் பள்ளிக்கூடத்தில் இப்போது ஏழு பிள்ளைகள். வருகிற வருஷம் ஐந்து. அதற்கு அடுத்த வருஷம் பூட்டிவிடுவார்கள். ஊரில் ஆள் தங்க வேண்டுமென்றால் ஊருக்கு ஆள் வர வேண்டும். வேறு வழி இருந்தால் நீயே சொல். நான் சத்தியமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பாறை என்றால் விரிசல் இருக்கத்தான் செய்யும், அக்கா. இருந்தாலும் உன் பேச்சைத் தட்டவில்லை. கீழே இருந்து தொலைநோக்கியில் பார்த்தேன், படம் எடுத்து நகரத்து வனத்துறைக்காரருக்கு அனுப்பினேன். செப்டம்பரில் கருவிகளோடு வருகிறாராம். அவசரம் இருந்தால் முன்னாலேயே வந்திருப்பார்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி சனிக்கிழமை திறப்பு விழா. கணவாயிலிருந்து நைரா வழியாக ஊர் வரைக்கும் நாற்பது பேர். முதல் ஆளாக செரைனா வருகிறாள். பட்டணத்தில் பிறந்த என் மகளுக்குப் பதினேழு வயதில்தான் இந்த மலை பிடித்திருக்கிறது. அவளிடம் ‘உன் அத்தை வேண்டாம் என்கிறாள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபாத்ரி


பிரசூரா மேய்ச்சல்
22 ஜூலை 1997

ஃபாத்ரிக்கு,

செப்டம்பராம், கருவியாம். கொம்புப் பாறை அவருடைய நாட்குறிப்பைப் பார்த்துவிட்டா விழும்?

சங்கிலியில் மூன்று கண்ணிதான் மிச்சம். பத்து மணிக்கு வெயில் பாறையில் பட்டதும் சிறுகல் உதிர ஆரம்பிக்கிறது. முதலில் மழைத்தூறல் மாதிரி சத்தம் கேட்கும், பிறகு ஒரு நிமிஷம் ஒன்றுமே கேட்காது. அந்த ஒரு நிமிஷமும் நான் கொம்புப் பாறையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போன வியாழக்கிழமை கல் விழுந்து துரியின் கிடாரிக்குப் பின்னங்கால் முறிந்துவிட்டது. பக்கத்து மேய்ச்சலிலிருந்து அவன் வந்து பார்த்தான். அதைச் சுடும்போது அதன் தலையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். துரி மேலே பார்க்கவே இல்லை. “மெங்கியா, இது நம்மள அனுப்பிட்டுதான் ஓயும்” என்றான்.

ஆடு மாடு எல்லாவற்றையும் வெளியே ஓட்டியாயிற்று. நேற்று நைராவின் மேல் கதவையும் கீழ்க் கதவையும் நானே கீலிலிருந்து தூக்கிக் கழற்றிக் கற்சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். கனம் தாங்காமல் இடுப்பு பிடித்துக்கொண்டது. இதைவிட உரக்க என்னால் சொல்ல முடியாது. இனி உன் பாடு.

உன் மகளை நான் நல்லபடியாகப் பார்த்ததுகூட இல்லை. அவளை அனுப்பாதே.

மெங்கியா


வால்தோரா
25 ஜூலை 1997

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பயந்துபோனேன். இரண்டாம் தடவை சிரிப்பு வந்துவிட்டது. உன் குணம் எனக்குத் தெரியாதா? வாயால் திட்டுவாய், கையால் கொடுப்பாய். சின்ன வயதில் என்னை நாலு சாத்து சாத்திவிட்டு உன் பங்கு ரொட்டியை என் பக்கம் தள்ளுவாயே, அதே கதைதான்.

நம்பாமல், பாதை வேலை செய்கிற ஜுவாவை நேற்று அனுப்பிப் பார்த்தேன். வந்து சொன்னான்: “உங்க அக்கா நல்லவங்க சார். கேட்டை ரெண்டையும் கழட்டி ஓரமா வெச்சிருக்காங்க. இனிமே யாரும் எறங்கி எறங்கித் தெறக்க வேணாம், நேரா வுட்டுடலாம்.” அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே அந்தக் கதவில் வேகமாக வரும் பையன்கள் மோதிக்கொள்வார்களோ என்பதுதான் என் ஒரே கவலையாக இருந்தது. நீ கேட்காமலேயே வழி விட்டுவிட்டாய்.

உதிரும் கற்களைப் பற்றி நீ சொன்னதை மறக்கவில்லை. எல்லோருக்கும் தலைக்கவசம் உண்டு. நைராவில் யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு மணிக்கு கணவாயிலிருந்து கிளம்புகிறார்கள். முடிந்தால் மேலே நின்று செரைனாவுக்குக் கை காட்டு. அவளுக்கு அது பெரிய விஷயம். எனக்கும்தான்.

உன் தம்பி
ஃபாத்ரி


பிரசூரா மேய்ச்சல்
29 ஜூலை 1997

ஃபாத்ரி,

இன்று காலை தொட்டியில் உப்பு மூட்டைக்கு அடியில் உன் கடிதம் கிடந்தது. வெள்ளிக்கிழமை வந்ததாம், சாக்கோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான்கு நாள் போயிற்று. தொட்டி ஒரு மணிக்குக் கீழே இறங்குகிறது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நான் வழி விடவில்லை. அடே, கதவைக் கழற்றி வைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வயதில் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நீ, தெரியாதுதான். என் புத்தியைச் சொல்ல வேண்டும். இங்கே கதவு மாட்டியிருந்தால் உள்ளே மாடு மேய்கிறது, நிலம் நல்லது, திறந்து போ, மூடிவிட்டுப் போ என்று அர்த்தம். கதவைக் கீலிலிருந்து கழற்றிவிட்டால் அந்த நிலத்தை மலைக்கே விட்டாயிற்று என்று அர்த்தம். அதற்குள் மாடும் போகாது, மனிதரும் போகமாட்டார்கள். பனிச்சரிவு வந்த வருஷம் பெரியப்பா மேற்குச் சரிவின் கதவைக் கழற்றினார். பதினெட்டு வருஷம் யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. துரி என் கதவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். நீ எனக்கு நன்றி எழுதுகிறாய்!

சங்கிலியில் ஒரு கண்ணி.

கேள். கணவாய்க்குக் கீழே பாதை பிரிகிற இடத்தில் நீயே போய் நில். எல்லோரையும் வலது பக்கம், என் மேய்ச்சல் வழியாக அனுப்பு. ஆம், என் மேய்ச்சல் வழியாகத்தான். அறுபது பசுக்களையும் கன்றுகளையும் நான் மேட்டுக்கு ஓட்டி வேலிக்குள் நிறுத்துகிறேன். ஏப்ரலில் நான் கத்தினதை எல்லாம் மறந்துவிடு. சுற்று வழிதான், மூன்று மணி நேரம் கூடப் பிடிக்கும். பிடிக்கட்டும்.

உன் மகளை அந்தப் பள்ளத்தில் விட்டால் உன்னை நான் மன்னிக்கமாட்டேன். உன்னையும் மாட்டேன், என்னையும் மாட்டேன்.

மெங்கியா


வால்தோரா
5 ஆகஸ்ட் 1997

அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். நீயும் பார்த்தாய். வலது பக்கம் போகச் சொல்லி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சோளக்கொல்லை பொம்மை மாதிரி நின்றேன். மேட்டில் நீ கோலோடு நின்றாய். நம் இரண்டு பேருக்கும் நடுவே நாற்பது சைக்கிள் போயிற்று. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். செரைனாதான் சைக்கிளை நிறுத்திவிட்டு உன்னிடம் ஓடினாள். நீ அவள் கன்னத்தைத் தொட்டதைப் பார்த்தேன். “அத்தை மேல மாட்டு வாசனை வருது, நல்லா இருக்கு” என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு ஒரு கல்கூட விழவில்லை. விருந்தில் விடுதிக்காரர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “என்ன ஃபாத்ரி, உங்க மலைக்கு இன்னிக்கு லீவா?” பார்லி சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இருந்தாலும் பாதையை மூடிவிட்டேன். வனத்துறைக்காரர் வந்து பார்க்கும்வரை திறக்கமாட்டேன். இது என் வாக்கு.

இப்போது வேறு தலைவலி. ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேர் நைரா வழியாகவே இறங்கி வந்தார்கள். உயிர் போய்விட்டது எனக்கு. பிடித்துத் திட்டினால், “வலது பக்கம் கதவு சாத்தியிருந்திச்சு. இந்தப் பக்கம் கதவே இல்ல. தெறந்த வழின்னு வந்தோம்” என்கிறார்கள். நேற்று இன்னும் நான்கு பேர். அவர்கள் மேல் தப்பே இல்லை, அக்கா. கதவில்லாத வாசலை உலகத்தில் எவனும் ‘வராதே’ என்று படிக்கமாட்டான்.

இரண்டு கதவையும் திரும்ப மாட்டிவிடு. ‘பாதை மூடப்பட்டது, உயிருக்கு ஆபத்து’ என்று சிவப்புப் பலகை இரண்டு இந்தத் தொட்டியில் வைக்கிறேன். கதவுகளில் அடித்துக் கயிற்றால் கட்டிவிடு. உனக்கு மனசு வராது என்று தெரியும். அடுத்த பையன் இறங்குவதற்கு முன்னால் செய்துவிடு.

ஃபாத்ரி


பிரசூரா மேய்ச்சல்
12 ஆகஸ்ட் 1997

ஃபாத்ரிக்கு,

மாட்டிவிட்டேன்.

மூன்று நாள் மாட்டாமல் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மேலே ஒரு பெண்ணும் ஆணும் நைரா பக்கம் சைக்கிளைத் திருப்புவதைப் பார்த்தேன். கத்தினேன். கேட்கவில்லை. ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. நல்லவேளை, அந்தப் பெண் கையுறையைத் தவறவிட்டுத் தேடிக்கொண்டு நின்றாள், அதனால் பிடித்தேன். அன்று மாலையே இரண்டு கதவையும் தூக்கி மாட்டினேன். உன் சிவப்புப் பலகைகளை ஆணி அடித்தேன்.

பொய் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது எனக்கு. நம்மவர்கள் யாரும் உன் பலகைகளைப் படிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். மஞ்சளோ சிவப்போ, அதெல்லாம் சைக்கிள்காரர்களுக்கு. நம்மவர்கள் பார்ப்பது கதவைத்தான். துரியிடம் நேரில் போய்ச் சொன்னேன். கிழக்கு மேய்ச்சல் இடையர்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். ‘இந்த வருஷம் அந்தக் கதவை நம்பாதீர்கள்’ என்று நான் சொல்லும்போது அவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கீழே நீ சொல்லிவிடு. முக்கியமாக உன் அத்தானிடம். வைக்கோல் முடியும்வரை அவர் மேலே வரமாட்டார், இருந்தாலும் சொல்லி வை. நான் போடும் சாமான் சீட்டில் எழுதலாம்தான். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, முதல் இரண்டு வரி படித்துவிட்டு, கடைக்காரனிடம் நீட்டிவிடுவார். நீ வாயால் சொல்.

சங்கிலி போன சனிக்கிழமை அறுந்துவிட்டது. இப்போது எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. கல் உதிர்வதும் நின்றுவிட்டது.

செரைனாவை ஒரு நாள் அனுப்பு. சுற்று வழியாக. அவளுக்குச் சோளக் களி கிண்டிக் கொடுக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

மெங்கியா


வால்தோரா
23 ஆகஸ்ட் 1997, காலை

அன்புள்ள அக்கா,

புதன்கிழமை இடியில் தொட்டியின் மோட்டார் எரிந்துவிட்டது. பாகம் வரப் பத்து நாளாகுமாம். அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அவகிட்ட உப்பு தீந்திருக்கும், ரொட்டி தீந்திருக்கும், வாய் மட்டும்தான் தீராம இருக்கும்” என்று வைக்கோலைப் பாதியில் விட்டுவிட்டு மூட்டை கட்டிவிட்டார். அக்ரூட் கேக் ஒன்று வாங்கி, நசுங்காமல் இருக்க அவருடைய ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிக்குள் வைத்திருக்கிறார். செரைனாவும் கூட வருகிறாள். திரும்பும்போது இறக்கத்தில் ஓட்டலாம் என்று சைக்கிளையும் தள்ளிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கதவைப் பற்றி நீ சொன்னதை அத்தானிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். “அக்கா கதவு பத்தி உங்ககிட்ட...” என்று ஆரம்பித்ததுமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “உங்க பஞ்சாயத்து எனக்கு வேணாம். கதவாச்சு, நீங்களாச்சு. எழுதிக் குடு, கொண்டுபோறேன்” என்றார். சரி, நீயே நேரில் சொல்லிக்கொள். இன்றைக்கு உன் முன்னால்தானே உட்காரப் போகிறார்!

மத்தியானச் சாப்பாட்டுக்கு உன்னிடம் இருப்பேன் என்று பந்தயம் கட்டுகிறார். சுற்று வழியில் ஆறு மணி நேர ஏற்றம், இப்போதே ஏழரை. இந்த வயதில் என்ன வீம்பு பார்.

அக்கா, அடுத்த வாரம் நானும் ஏறி வரலாமா? கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஃபாத்ரி


பிரசூரா மேய்ச்சல்
30 ஆகஸ்ட் 1997

ஃபாத்ரி,

கீழே நீ ஒரு வாரமாகக் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கிறாய் என்று துரி சொன்னான். நகம் எல்லாம் போய்விட்டதாம். நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். ஊரில் யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் என்னிடமிருந்து நீ இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை பத்தரை மணிக்குப் பாறை விழுந்தது. வேலிக்கு முளை அடித்துக்கொண்டிருந்தேன். நிலம் காலுக்கடியில் நகர்ந்தது, பசுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. பிறகு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு தூசி எழுந்து, பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்து, என் மேட்டு வரைக்கும் வந்தது. கொம்புப் பாறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிலுவை போட்டுக்கொண்டேன். கதவு மாட்டியிருக்கிறது, பலகை இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். அதோடு நின்றேனா? சந்தோஷப்பட்டேன், ஃபாத்ரி. நான் சொன்னதுதான் நடந்தது என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே போய் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘விடுதிக்காரரிடம் சொல், மலைக்கு லீவு முடிந்துவிட்டது’ என்று முதல் வரி எழுதினேன். எழுதிவிட்டுச் சிரித்தேன். களிக்கு உலை வைத்தேன்.

இரண்டு மணிக்குச் செரைனா வந்தாள். முகமெல்லாம் தூசி. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்க, வாசலிலிருந்தே கேட்டாள்: “அத்தை, மாமா எப்ப வந்தார்? நான் தோத்துட்டேனா?”

எந்த மாமா என்று கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கீழ்க் கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். “மாமா, பலகைல மூடியிருக்குன்னு போட்டிருக்கே, ஆபத்துன்னு போட்டிருக்கே” என்றிருக்கிறாள். அவர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது சைக்கிள்காரங்களுக்கும்மா. உங்கப்பாவுக்குப் பலகை நடலன்னா தூக்கம் வராது. நீ கதவப் பாரு. கீல்ல மாட்டியிருக்கு. கயிறு முடிச்சப் பாத்தியா? உங்க அத்தை போட்ட முடிச்சு. அவ மாட்டின கதவுன்னா கண்ண மூடிக்கிட்டு உள்ள போகலாம்” என்றிருக்கிறார். இவள் அப்பாவின் பலகையை மீறமாட்டேன் என்று நின்றிருக்கிறாள். அவருக்குச் சிரிப்பு. “அப்ப நீ சுத்தி வா. சைக்கிள் வெச்சிருக்கியே, பாப்போம் யார் முதல்லன்னு” என்று உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, முடிச்சை அவிழ்த்து, உள்ளே போய், கதவைத் திரும்பச் சாத்திக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

உப்பு, மெழுகுவத்தி, டார்ச் பேட்டரி என்று எழுதின சீட்டில் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். எழுதவில்லை. நீ சொல்ல வந்தாய், அவர் கேட்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருக்கும், தேடிப் பார்த்தேன், இல்லை.

உன் பலகையை நம்பி உன் பெண் பிழைத்தாள். என் முடிச்சை நம்பி அவர் போனார்.

செரைனா என் படுக்கையில் தூங்குகிறாள். விழித்தால் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், தான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டுமா என்று. அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீ அவளுடைய அப்பா. தோண்டுவதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு இன்றே ஏறி வந்து அவளுக்குப் பதில் சொல்.

மெங்கியா